நர்சம்மாவின் ஐந்து தும்மல்

எங்கள் புளியடிவிளையில் தெருக்கள் ஐந்து, ஒன்றாம் நம்பர் வீடுகளும் ஐந்து. வீட்டுக்கு எண் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, எந்தத் தெருவில் தொடங்குவது என்று பதினோரு நாள் கூட்டம் போட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, ஒருவர் பாட்டனை ஒருவர் இழுத்து, கடைசியில் ஒவ்வொரு தெருவும் தன் தலைவீட்டையே ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாக முடிவு செய்த ஊர் இது. தெருப் பெயர்ப்பலகை மூன்று முறை வந்தது, மூன்று முறையும் யாராவது ஒருவருக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் மறுநாளே பிடுங்கி எறியப்பட்டது, மூன்றாவது பலகை இப்போது ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது. தாங்கள் எந்தத் தெரு என்று எழுத்துபூர்வமாகத் தெரிந்தவை இந்த ஊரில் அந்தக் கோழிகள் மட்டும்தான். செல்போன் வரைபடத்தில் எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் ஒரு குளம் கிடக்கிறது. அந்தக் குளம் வற்றி வீடாகி நூறு வருஷம் ஆகிறது, ஆனாலும் திருத்தச் சொல்லி யாரும் எழுதிப் போடவில்லை, எழுதிப் போட்டால் தெருவுக்குப் பெயர் கேட்பார்கள்.

வீட்டுக் கதவுகளில் அந்த எண்களை எழுதியவன் நான். பெயர் சிதம்பரநாதன், பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் படம் வரையச் சொல்லிக் கொடுத்ததால் ஊருக்கு நான் டிராயிங் சார். நான்கு தெருக்களுக்குத் தகர அச்சு வைத்து, பச்சைப் பெயிண்டில், ஒரு சொட்டு வழியாமல் எழுதினேன். முதல் ஒன்றை எங்கே எழுதினேன் என்று கேட்கவே வேண்டாம், என் வீட்டில்தான். ஐந்தாவது தெருவுக்கு மட்டும் போகவில்லை. அந்தத் தெரு ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாங்கள் நான்கு தெருக்காரர்களும் எங்களுக்குள் வெட்டிக்கொள்வோமே தவிர, பாலத்தைத் தாண்டுவதில்லை என்பதில் மட்டும் தாத்தா காலத்திலிருந்து ஒற்றுமை. அந்தத் தெருவுக்கு எங்கள் வாயில் பெயர்கூடக் கிடையாது, 'அங்கிட்டு' என்போம், அவ்வளவுதான். பாலத்துச் சுவர்மேல் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு, "நீங்களே எழுதிக்கிடுங்கடே" என்று சத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தூரிகையைக் கையோடு எடுத்து வந்துவிட்டதால் அவர்கள் விரலால் எழுதிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு தெருக்காரன் இன்னொரு தெருவுக்குள் போவது சாவு வீட்டுக்கு மட்டும்தான், அதுவும் பந்தல்வரைதான் என்று வாழ்கிற ஊரில் முழு ஊரையும் யாருக்குத் தெரியும்? ஒருத்திக்குத் தெரியும், அவள் இந்த ஊர்க்காரி இல்லை. ஜெபக்கனி என்கிற நர்சம்மா இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து தெருக்களிலும் நடந்து நடந்து, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் படிக்கட்டு ஆடும், எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தக் கொல்லைப்புறம் வரும், எந்த வீட்டில் எத்தனையாவது மாசம் என்று எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்தாள். ஊருக்கு இருந்த ஒரே வரைபடம் அவள் தலைதான். அந்தத் தலையும் எங்களுடையது இல்லை, அரசாங்கம் அனுப்பிவைத்தது.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முக்கில் இருக்கிற சுகாதார நிலையத்து வாசலில் நின்று அவள் தும்மினாள். பக்கத்து மில்லில் மிளகாய் வற்றல் அரைத்துக்கொண்டிருந்தார்கள், தும்மாமல் என்ன செய்வாள்? முதல் தும்மல், பலசரக்குக் கடை ரத்தினபாண்டி அண்ணாச்சி சரக்கெடுக்க வண்டியை உதைத்துக் கிளப்பிய நேரத்தில் வந்தது. இரண்டாவது, தையல்காரி சண்முகவடிவு கல்யாண வீட்டு ரவிக்கைகளோடு படியிறங்கிய நேரத்தில். மூன்றாவது, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைத்துரை கட்சிக் கூட்டத்துக்குக் காரில் ஒரு காலை வைத்த நேரத்தில். நான்காவது என்னுடையது, ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் குழந்தை தும்மினால் நூறு என்று வாழ்த்துவோம், வெளியே கிளம்பும்போது பெரியவர்கள் தும்மினால் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவோம். நான்கு வீட்டிலும் நான்கு பேரும் அதையே செய்தோம். "சவத்து மூதி, இவளுக்குத் தும்ம வேற நேரம் கெடைக்கலியா" என்று வாயால் சொல்லிக்கொண்டே தண்ணீரைக் குடித்தோம், தண்ணீரோடு நர்சம்மாவின் தலையில் இருந்தது ஆளுக்கு ஒரு துண்டாக உள்ளே இறங்கிவிட்டது.

எனக்கு இறங்கியது தூரம். செம்பைக் கீழே வைத்தபோது, என் வாசற்படியிலிருந்து தண்ணீர்த்தொட்டி நூற்று நாற்பத்தெட்டு அடி என்பதும், நான் ஒருநாளும் மிதிக்காத தெருவிலுள்ள ஒரு முருங்கைமரத்திலிருந்து அதன் அடுத்த வீட்டு அம்மிக்கல் பத்தொன்பது அடி என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அடி மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பக்கம் தெரிந்தவர் அண்ணாச்சி. அவர் உடம்புக்குள் வடக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, கண்ணைக் கட்டிக் கோயில் கொடை ராட்டினத்தில் ஏற்றி ஆறு சுற்றுச் சுற்றி இறக்கினாலும் வாந்தி எடுத்துக்கொண்டே சரியாக வடக்கைக் காட்டினார். சண்முகவடிவுக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு சுவரும் கம்பமும் குழாயடியும் திண்ணையும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, ஆனால் அதற்கு இந்தப் பக்கம் எது அந்தப் பக்கம் எது என்றால் விழிப்பாள். வெள்ளைத்துரைக்கு இறங்கியது முடிவு. எங்கே வழி பிரிந்தாலும் எதில் போக வேண்டும், அது அடைபட்டிருந்தால் அடுத்தது எது என்று அவர் நாக்கு தானாகச் சொல்லும். ஊரிலேயே யோசிக்காதவர் தலையில் போய் அது விழுந்ததே என்று எனக்கு ஆத்திரம்.

தனித்தனியாக நாங்கள் நான்கு பேரும் உதவாக்கரைகள். அண்ணாச்சி ஒருநாள் கோயிலிலிருந்து கடை இருக்கும் திசையை உடம்பால் உணர்ந்து அதிலேயே நேராக நடந்து, வேலியைப் பிய்த்து, மாட்டுத்தொழுவத்துக்குள் புகுந்து, கன்றுக்குட்டியிடம் உதை வாங்கினார். நான் கண்ணை மூடி எண்ணிக்கொண்டே முந்நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து, எண்ணிக்கையில் ஒரு பிசகும் இல்லாமல், அடுத்த தெருவில் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்த மறைப்புக்குள் போய் நின்றேன். அங்கே விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை.

இதற்கெல்லாம் ஊர் வெட்கப்பட்டதா? ஊராவது, வெட்கப்படுவதாவது. தெருவுக்கு ஒருவராகப் பார்த்துச் சாமி பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, மறுவாரமே நான்கு தெரு முனையிலும் நான்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்தது. 'திசைகளின் தலைமகனே' என்று அண்ணாச்சிக்கு, 'முடிவெடுக்கும் மூதறிஞரே' என்று வெள்ளைத்துரைக்கு, 'அடையாளங்களின் அன்னையே' என்று சண்முகவடிவுக்கு, 'அடியளந்த அண்ணலே' என்று எனக்கு. என் முகம் 1987-இல் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து பெரிதாக்கப்பட்டதால் நான் யாரையோ கொலை செய்துவிட்டு வந்தவன்போல் இருந்தேன். அண்ணாச்சி கடையில் பருப்பு வாங்கப் போனவர்கள் வாஸ்து கேட்கத் தொடங்கினார்கள், அவரும் பொட்டலம் கட்டிக்கொண்டே "ஒம்ம அடுப்பு மூணு வெரல் கெழக்க தள்ளி இருக்கு வே, அதான் மருமவ கோவிச்சுட்டுப் போறா" என்று சொன்னதில் பதினேழு அடுப்புகள் இடிக்கப்பட்டன, ஒரு மருமகளும் திரும்பவில்லை. வரப்புத் தகராறுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள், நான் அடி சொல்லச் சொல்லத் தகராறு வளர்ந்தது. சண்முகவடிவு தனக்குக் கிடைத்த வரத்தை, யார் செருப்பு யார் வாசலில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தினாள், அதில் இரண்டு கல்யாணங்கள் நின்றன. வெள்ளைத்துரையிடம் வழி கேட்டு யாரும் வரவில்லை, எந்தக் கட்சிக்குப் போகலாம் என்று கேட்டுத்தான் வந்தார்கள், அவரும் இடது வலது என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நர்சம்மாவை யாரும் நினைக்கவில்லை. அவளுக்கு எல்லோருடைய முகமும் தெரிந்தது, பிள்ளைகளின் எடையும் ஊசி போட்ட தேதியும் தெரிந்தது, கட்டிலிலிருந்து அடுப்படிக்கு எப்படிப் போவது என்பது மட்டும் தெரியவில்லை. பழைய சேலையைக் கிழித்துத் திரித்து, கட்டில் காலிலிருந்து தண்ணீர்ப் பானைக்கு ஒன்று, அங்கிருந்து கழிப்பறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டினால் போச்சு; நேராகத்தான் நடப்பாள், ஆனால் சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கு வந்து, இது யார் வீடு என்று விசாரிப்பாள். நான்கு தெருக்காரர்களும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள், இந்த நர்சு சரியில்லை, வேறு நர்சு வேண்டும் என்று. ஏகமனதாகச் செய்த இரண்டாவது காரியம் அது. மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது, அழகான கையெழுத்து.

முகாமுக்கு வந்த ஒரு சின்ன வயது டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுப் போகும்போது எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். வழி என்பது தலைக்குள் ஓரிடத்தில் இருப்பது இல்லையாம். திசையை ஒரு பகுதி பார்த்துக்கொள்ளும், தூரத்தை ஒரு பகுதி கட்டம் போட்டு அளக்கும், அடையாளங்களை ஒரு பகுதி வைத்துக்கொள்ளும், எதில் திரும்புவது என்று நெற்றிக்குப் பின்னால் ஒரு பகுதி முடிவெடுக்கும். இவை ஒன்றோடு ஒன்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தால்தான் மனுஷன் தன் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும். "இந்த நாலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, இதுதான் அந்த இடம்னு சொல்றது அஞ்சாவது ஒண்ணு. அது யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"ஊருல நாலு பேருதான், டாக்டர்" என்றார் வெள்ளைத்துரை.

"நாலு இல்ல சார்" என்று உள்ளேயிருந்து நர்சம்மா குரல் கொடுத்தாள். "நான் அஞ்சு தடவ தும்முனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். வழி மறந்தவளுக்கு எண்ணிக்கை மட்டும் ஞாபகம் இருக்குமாக்கும் என்று வடிவு முனகினாள். ஐந்தாவது தும்மலின்போது முக்கில் யார் இருந்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்: பாலத்துக்கு அந்தப் பக்கத்து மாரிச்செல்வி, எட்டு மாச வயிற்றோடு மாத்திரை வாங்க வந்து நின்றவள், அவள் மட்டும்தான் திட்டாமல், தும்மினது பெரிய மனுஷி என்றுகூடப் பார்க்காமல், "நூறுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐந்தாவது துண்டு அவளிடம் போனது, அதைத் தேடி எவனும் அந்தப் பக்கம் போகவில்லை.

சித்திரை மாதம் ஒரு நாள், காலை பதினோரு மணி வெயிலில் என் செல்போன் அடித்தது.

"சார், ஜெபக்கனி பேசுதேன். மாரிச்செல்விக்கு நாளுக்கு முன்னாடியே தண்ணி ஒடஞ்சுட்டு. அவ தெருவுல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாவ, அவளேதான் போன்ல சொன்னா. மொதப் பிள்ளைக்கே ரத்தம் நிக்காம செத்துப் பொழச்சவ சார் அவ, அந்தப் பிள்ளையும் தங்கல. பிள்ள பொறந்த கையோட ஊசி போட்டாவணும், ஊசி எங்கிட்ட இருக்கு."

"ஆம்புலன்ஸக் கூப்பிட வேண்டியதுதானம்மா."

"கூப்பிட்டாச்சு. அவன் மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டு அட்ரஸ் கேக்கான். புளியடிவிளை, ஒண்ணாம் நம்பர்னு சொன்னா, வெள்ளைத்துரை வீட்டு வாசல்ல போயி நின்னு ஆரன் அடிச்சு, ஏச்சு வாங்கிட்டு மறுபடி மெயின் ரோட்டுக்கே போயிட்டான். நீங்க நாலு பேரும் வாங்க சார். ஒரே ஒரு தடவ. ஒங்ககிட்ட இருக்கது என்னோடதுதானே?"

வந்தோம். வந்து என்ன செய்தோம் என்பதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். முன்னால் யார் நடப்பது என்று இருபது நிமிஷம் சண்டை போட்டோம். முடிவு தன்னிடம் இருப்பதால் தானே முன்னால் என்றார் வெள்ளைத்துரை. தேர்தலில் அவரிடம் தோற்றதிலிருந்து அவர் முதுகைப் பார்த்து நடப்பதில்லை என்று விரதம் என்றார் அண்ணாச்சி. என் தெருவில் தன் அக்காளுக்குப் பேசிய கல்யாணம் நின்றுபோனதால் எனக்குப் பின்னால் வரமாட்டேன் என்றாள் வடிவு. ஒரு தையல்காரிக்குப் பின்னால் நான் போவதா என்று கேட்டவன் நான். கையில் ஊசிப் பெட்டியோடு நர்சம்மா வாசல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யய்யா, அங்க ஒருத்தி கெடந்து துடிக்கா. கொஞ்சமாவது கூறு இருக்கா ஒங்களுக்கு?" என்று அவள் கத்திய பிறகு, நான்கு பேரும் தோளோடு தோள் உரச ஒரே வரிசையாக, ஒன்பது அடி அகலச் சந்தை அடைத்துக்கொண்டு நடப்பது என்று ஒப்பந்தமானது.

நடந்தோம். அப்போது நடந்ததை என் ஆயுசில் நான் மறக்க மாட்டேன். "வடகிழக்க" என்றார் அண்ணாச்சி, "நாப்பத்தாறு அடி" என்றேன் நான், "காரை பேந்த மஞ்சச் சொவரு" என்றாள் வடிவு, "எடப்பக்கம் திரும்பு" என்றார் வெள்ளைத்துரை. கிழக்க, எழுபது, சாஞ்ச கம்பம், நேரா போ. தெற்க, முப்பத்தொண்ணு, ஒழுகுத குழாய், குழி தோண்டிக் கெடக்கு அந்தச் சந்துல சுத்திப் போ. ஒருவர் சொல் முடியும் முன் மற்றவர் சொல் வந்து கோத்துக்கொண்டு, நான்கு வாயும் ஒரே வாயாகி, நாங்கள் பிறந்து வளர்ந்தும் ஒருநாளும் பார்த்திராத எங்கள் ஊர் முதல் தடவையாக எங்கள் காலுக்குக் கீழே ஒரே ஊராக விரிந்துகொண்டு போனது. என் ஊர் இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது, இவ்வளவு அழகானது என்றும் அன்றுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது, அண்ணாச்சியின் தோளில் கையைக்கூடப் போட்டேன், அவரும் தட்டிவிடவில்லை.

ஓடைப்பாலம் வந்தது. எட்டுக் கால்களும் நின்றன.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை, நின்றோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ளதும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அறுபத்து மூன்று அடி, வடக்கு, நீலக் கதவு, எங்கும் திரும்ப வேண்டாம். தெரிந்தும் நின்றோம்.

"போம்மா, இந்தா நேரா இருக்கு" என்று அண்ணாச்சி கையை நீட்டினார். நர்சம்மா பாலத்தைத் தாண்டி நான்கு அடி வைத்தாள், வைத்ததும் தலைக்குள் எல்லாம் அவிழ்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் முன்னாலேயே வந்து நின்றாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அவள் ஓடைக்குள் இறங்கப் பார்த்தாள், வடிவு சத்தம் போட்டு நிறுத்தினாள்.

"கூட வாங்க சார்" என்று என் கையைப் பிடித்தாள். "அறுவத்து மூணு அடிதான சார், நீங்கதான சொன்னிய?"

"எனக்கு மூட்டு வலிம்மா" என்றேன்.

இருநூற்று எழுபது அடி நடந்து வந்தவனுக்கு அறுபத்து மூன்று அடியில் மூட்டு வலி. அவள் என் கையை விட்டாள். விட்ட விதத்தில், மனுவில் இருந்த என் அழகான கையெழுத்தை அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார், வெள்ளைத்துரை செல்போனைப் பார்த்தார், வடிவு மட்டும் கொஞ்சம் அழுதாள், அழுதாளே தவிர அவளும் ஒரு அடி வைக்கவில்லை.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. வலியில் அலறுகிற சத்தம், அலறலுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "எக்கா! இங்கன இருக்கேன்க்கா! இங்கன!"

நர்சம்மா தலையை நிமிர்த்தினாள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கயிறும் இல்லாமல் கையும் இல்லாமல், அந்த 'இங்கன'வை நோக்கி, மாவு மில்லுக்குப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று நடந்துபோய் நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முடிச்சுப் போடுகிற ஐந்தாவது துண்டு யாரிடம் இருந்தது என்று அப்போதுதான் எங்கள் நான்கு மண்டையிலும் ஏறியது.

பாலத்தில் வெயில் காய்ந்தது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஐந்து நிமிஷம் ஆவதற்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அழுது ஓய்ந்த பிள்ளை தும்மியது. ஒரு விரல் கனத்துக்கு இருந்த தும்மல், ஆனாலும் பாலம்வரை கேட்டது. உள்ளேயிருந்து நர்சம்மா "நூறு" என்றாள், அண்ணாச்சி தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். பிள்ளை அடுத்தடுத்துத் தும்மியது. "எரநூறு", வடிவு நாங்கள் வந்த வழியைப் பார்த்து எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாள். "முந்நூறு", வெள்ளைத்துரை எதையோ சொல்ல வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தார். "நாநூறு", எனக்குள் இருந்த அத்தனை அடிகளும் உதிர்ந்துபோயின. "ஐநூறு" என்று மாரிச்செல்வியின் குரலில் கேட்டது, களைத்த குரல், ஆனால் உயிருள்ள குரல். அந்த ஐந்தாவதோடு, கடன் வாங்கின துண்டுகள் மட்டுமல்ல, எங்களுக்கென்று பிறவியில் இருந்த கொஞ்ச நஞ்சமும் போய்விட்டது. என் வீடு எனக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடையிலேயே தெரிந்தது, எல்லாம் அவளிடம் திரும்பிவிட்டது. "பொம்பளப் பிள்ள. ரத்தம் நின்னுட்டு. இன்னும் அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தா நின்னுருக்காது" என்றாள், நாங்கள் சண்டை போட்ட இருபது நிமிஷத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸைக் கூட்டிவர மெயின் ரோட்டுக்குக் கிளம்பியவள், எங்களைத் தாண்டும்போது நின்று ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "ஒங்க நாலு பேரு வீடும் எனக்குத் தெரியும். கேளுங்க, சொல்லுதேன். ஒரு வார்த்த கேட்டா போதும்."

ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் நாக்கு அழுகிவிடுமா என்ன? கேட்கவில்லை. அவளும் மெயின் ரோட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு நடந்ததை ஊர் வேறு மாதிரி சொல்லும். பேனரில் வேறு மாதிரித்தான் போட்டிருக்கிறது, 'தாயையும் சேயையும் காத்த நால்வர்' என்று, இந்தத் தடவையும் அதே 1987 முகம். நடந்தது இதுதான். மற்ற மூன்று பேரும் கொஞ்ச நேரம் பாலத்தில் நின்றுவிட்டு, அங்கிட்டுப் போய் வழி கேட்க மனமில்லாமல், வந்த பக்கம் போக வழி தெரியாமல், வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, ஓடை போன போக்கில் மூன்று மைல் நடந்து, வேறொரு ஊரில் கரையேறி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்க நீலக் கதவு அறுபத்து மூன்று அடியில் இருந்தது.

அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் பாலத்தைத் தாண்டினேன். வீரமெல்லாம் இல்லை, பார்க்க ஆள் இல்லை என்கிற தைரியம்தான். எண்ணாமல் நடந்தேன், எண்ணத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை, நீலக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே பாயில் மாரிச்செல்வி பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"யாரு?"

"நான் டிராயிங் சாரும்மா. வீட்டுக்குப் போகணும். வழி தெரியல."

"எந்த வீடு சார்?"

இருபது வருஷமாக என் வீட்டுக்கு நான் சொல்லிவந்த பெருமையான விலாசம், கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது. "ஒண்ணாம் நம்பர்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். நீலக் கதவின் மேல், என் டப்பாவில் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டில், விரலால் இழுத்த ஒரு கோடு, அடியில் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது.

"இதான் சார் ஒண்ணாம் நம்பரு" என்றாள் மாரிச்செல்வி. சிரிக்கக்கூட இல்லை.